கேற்றில் நான் கட்டிய வேப்பிலை

எங்கள் வீட்டில் யாருக்கும் அம்மாள் வரவில்லை. ஆனாலும் ஒரு புதன்கிழமை விடியப்புறம் நான் கிணற்றடி வேம்பில் இரண்டு கொப்பு முறித்து, வாசல் கேற்றின் இரண்டு பக்கமும் கயிற்றால் கட்டினேன். கட்டி முடிக்க அரை மணித்தியாலம் பிடித்தது. விரல்கள் அப்படி வீங்கியிருந்தன. கடைசி முடிச்சைப் பல்லால் இழுத்து இறுக்கினேன். இருபத்திரண்டு வருடம் கணிதம் படிப்பித்தவள் நான். பொய் சொன்ன பிள்ளைகளை வகுப்பு வாங்கின் மேல் ஏற்றி நிறுத்தியவள். அன்றைக்கு ஊருக்கே ஒரு பொய்யைச் சொல்லிக் கேற்றில் தொங்கவிட்டேன்.

அம்மாள் என்று எங்கள் பக்கத்தில் சொல்வது கொப்பளிப்பானை, அம்மை நோயை. அது வந்த வீட்டு வாசலில் வேப்பிலை தொங்கும். தொங்கினால் ஒருவரும் உள்ளே கால் வைக்க மாட்டார்கள். பேர் சொல்லிக் கூப்பிடக்கூட மாட்டார்கள். தபால்காரர் கடிதத்தை மதிலில் வைத்துவிட்டு அடுத்த வீட்டுக்குப் போய்விடுவார். எனக்கு வேண்டியிருந்தது அதுதான். ஆட்கள் வரக்கூடாது. அதற்கு எங்கள் ஊரில் இதைவிட நல்ல பூட்டு கிடையாது.

ஏன் அப்படி வேண்டியிருந்தது என்றால், அதற்கு ஒன்றரை வருடம் பின்னால் போக வேண்டும். ஒரு காலை வகுப்பில் கரும்பலகையில் எழுதும்போது சோக் கையிலிருந்து நழுவி விழுந்தது. குனிந்து எடுத்தேன், மறுபடியும் விழுந்தது. பிள்ளைகள் சிரித்தார்கள், நானும் சிரித்தேன். ஒரு மாதத்தில் விரல் மூட்டுகள் எல்லாம் பழுத்த இலந்தைப்பழம் போல வீங்கிச் சிவந்தன. காலையில் எழும்பினால் இரண்டு கையும் வேறு யாருடையவோ கை போல இருக்கும். இளகுவதற்குப் பத்து மணியாகும். முடக்குவாதம் என்றார்கள். உடம்பின் காவல்படை தன் சொந்த மூட்டுகளையே எதிரி என்று நினைத்து அடிக்கிற நோய், எங்கள் பேச்சில் வருத்தம். அந்த அடியில் எழுகிற சூட்டுக்கும் வீக்கத்துக்கும் அழற்சி என்று பெயர்.

வருத்தத்தைத் தாங்கலாம், வருத்தம் பார்க்க வருகிறவர்களைத் தாங்க முடியாது. ஒருவர் முருங்கையிலை என்பார், ஒருவர் உள்ளிப்பூண்டை எண்ணெயில் காய்ச்சச் சொல்வார், இன்னொருவர் தன் பெரியம்மாவுக்கும் இதே வருத்தம்தான், கடைசியில் பாயோடு பாயாகக் கிடந்து போனார் என்று ஆறுதல் சொல்வார். ஒரு மாலை, அவர்கள் வாயிலிருந்து 'பாவம்' என்ற சொல் எத்தனை தடவை வருகிறது என்று எண்ணிப் பார்த்தேன். பதினொன்று. கணித ஆசிரியையின் புத்தி வேறு எங்கே போகும்?

முதலில் கல்யாண வீடுகளை விட்டேன். அடுத்து களுதாவளைப் பிள்ளையாரின் திருவிழாவை விட்டேன். நீண்ட லீவு எழுதிக் கொடுத்ததோடு ஆசிரியர் அறையும் போனது. போனைச் சத்தம் வராமல் வைத்தேன், பிறகு சார்ஜ் போடவே மறந்தேன். அதைக் கவலை என்று சொல்ல முடியாது. கவலை என்றால் அழுகை வரும். எனக்கு ஒன்றுமே வரவில்லை. இறால் கறியும் கடதாசியும் ஒரே ருசி. பின்னேரத்தில் வாவிப் பக்கமிருந்து வரும் காற்றுக்காகவே முன்பெல்லாம் கதிரையைத் தூக்கிக்கொண்டு வெளியே போவேன். இப்போது அந்த நேரத்துக்கு யன்னலைச் சாத்தினேன். நான் சின்ன வயதிலிருந்தே கோபக்காரி. வயது போகப் போக என் குணம் முற்றிவிட்டது என்றே நினைத்தேன்.

என்னோடு இருந்தது தங்கை ஒருத்திதான். எங்கள் பக்கத்தில் வீடும் வளவும் பெண்பிள்ளைகளுக்கு. கலியாணம் கட்டுகிறவர்தான் மனைவி வீட்டுக்கு வந்து குடியிருப்பார். அப்படி அம்மாவின் வீடு எனக்கும், அதே வளவில் புதிதாகக் கட்டிய வீடு தங்கைக்கும் வந்தது. எனக்குக் கட்டுவதற்கு ஒருவரும் அமையவில்லை, அமைந்தவரை எனக்குப் பிடிக்கவில்லை. அவளுக்கு வாவிக்கு அக்கரையிலிருந்து ஒரு நல்ல மனிதர் வந்தார். பதினொரு வருடம் பிள்ளை இல்லை. என் கைகள் மடங்காமல் போன அந்தக் காலத்தில்தான் அவள் வயிற்றில் ஒன்று தங்கியது.

எட்டாம் மாதம். காலையில் பால் விடாத பிளேன்ரீயோடு வருவாள். என் விரல்களுக்கு எண்ணெய் தடவுவாள், கிழமைக்கு ஒரு தரம் போடும் வெள்ளிக்கிழமை மாத்திரையை உள்ளங்கையில் வைத்து நான் விழுங்கும்வரை பார்த்துக்கொண்டிருப்பாள். தடவிக்கொண்டே வயிற்றோடு கதைப்பாள். "பெரியம்மாட கோவத்தப் பாத்தியா? நீ வந்துதான் அடக்கோணும்." அவள் சந்தோசம் எனக்கு வெயிலைப் போலக் கண்ணைக் குத்தியது. எழுத வெட்கமாக இருக்கிறது, ஆனால் உண்மை அதுதான்.

வேப்பிலை கட்டியதற்கு முதல் நாள், செவ்வாய் பின்னேரம், எங்கள் சின்னத் தெருவான ஒழுங்கையிலிருந்து மூன்று பெண்கள் வந்தார்கள். ஒருத்தி என் வலது கையைத் தூக்கி, சந்தையில் மீனின் செவுளைப் பிரித்துப் பார்ப்பதுபோல மற்றவர்களுக்குத் திருப்பித் திருப்பிக் காட்டினாள். காட்டிவிட்டுச் சொன்னாள்: "ஐயோ பாவம், தங்கச்சிட புள்ளையத் தூக்கக்கூட ஏலாது போல."

அவர்களை அனுப்பிவிட்டுப் படுத்தேன். விடிந்தும் விடியாமலும் வேப்பமரத்துக்குப் போனேன்.

வேப்பிலை கட்டும்போது ஊரை நினைத்தேன், அந்த மூன்று பெண்களை நினைத்தேன். தங்கையை நினைக்கவே இல்லை. கணக்கில் கொடுத்த முக்கியமான தரவையே விட்டுவிட்டு விடை எழுதும் பிள்ளையைப் போல, பக்கத்து வீட்டில் ஒரு பிள்ளைத்தாய்ச்சி இருக்கிறாள் என்பதை விட்டுவிட்டேன். அம்மாள் வந்த வீட்டுக்குப் பக்கத்தில் வயிற்றுப்பிள்ளைக்காரி இருக்கலாமா?

தங்கை வழக்கம்போல பிளேன்ரீயோடு வந்தவள் கிணற்றடியில் நின்றுவிட்டாள். அங்கிருந்து கேற் தெரியும்.

"அக்கா, என்ன இது?"

"அம்மாள். நீ கிட்ட வராத."

"எப்ப?"

"ராத்திரி. போ எண்டன்."

அவள் கோப்பையைப் பிடித்துக்கொண்டு வெகுநேரம் என்னையே பார்த்துக்கொண்டு நின்றாள். நான் யன்னலுக்குள் நிழலில் நின்றேன். பிறகு கோப்பையைக் கிணற்றுக் கட்டில் வைத்துவிட்டுத் திரும்பிப் போனாள். அவள் கணவர் பதறிப்போய் ஊர் மருத்துவிச்சியான மிட்வைஃபுக்குப் போன் எடுத்தார். பக்கத்தில் வைத்திருக்க வேண்டாம் என்று மிட்வைஃப் சொன்னாராம். மத்தியானம் ஒரு ஓட்டோ வந்தது. அக்கரைக்கு, மாமியார் வீட்டுக்குப் போகிறாள் என்பது அப்போதுதான் எனக்கு விளங்கியது. எங்கள் ஊரில் பிள்ளைப்பேற்றுக்குப் பிறந்த வளவை விட்டு மாமியார் வீட்டுக்குப் போன பெண்ணை நான் கண்டதே இல்லை. ஆட்கள் ஆயிரம் கதை கட்டுவார்கள். பதினொரு வருடம் காத்திருந்த பிள்ளை அம்மாவின் வளவில் கண் விழிக்க வேண்டும் என்பதுதான் அவளுடைய ஒரே ஆசை. அதையும் ஒரு பையில் போட்டுக்கொண்டு ஓட்டோவில் ஏறினாள்.

ஏறுமுன் கேற்றடியில் நின்று சொன்னாள்: "அக்கா, நான் போயிற்று வாறன். வெள்ளிக்கிழம மாத்திரைய மறந்திராத."

நான் யன்னலைச் சாத்தினேன்.

முதல் நாள் சுகமாகத்தான் இருந்தது. ஒருவரும் வரவில்லை, ஒன்றும் கேட்கவில்லை. இரண்டாம் நாள் என் செருப்புச் சத்தமே எனக்கு எரிச்சலாக இருந்தது. மூன்றாம் நாள் முழங்காலும் வீங்கியது. பின்னேரமானால் உடம்பு கணகணவென்று கொதித்தது. அந்த மூன்றாம் நாள்தான் வெள்ளிக்கிழமை. மாத்திரையைத் தர ஆள் இல்லை, நானாக எடுத்துப் போட மனமும் இல்லை. தினமும் போடுகிற மற்றவற்றை அவள் போன அன்றே விட்டிருந்தேன். எதற்கு என்று இருந்தது. அந்த 'எதற்கு' மெல்ல மெல்ல எல்லாவற்றிலும் ஏறியது. குளிப்பது எதற்கு, விளக்குப் போடுவது எதற்கு, விடிவது எதற்கு.

மதிலில் சாமான்கள் வரத் தொடங்கியது அந்த மூன்றாம் நாளில்தான். காலையில் பார்த்தால் வாய் சீவிய இரண்டு செவ்விளநீர். மத்தியானம் வாழையிலை மூடிய ஒரு சட்டி எருமைத்தயிர். அடுத்த நாள் தண்ணீர் நிறைந்த ஒரு வத்தகப்பழம், பாதியாக வெட்டி, ஈ மொய்க்காமல் துணி போட்டிருந்தது. எல்லாம் குளிர்ச்சியான சாமான். யார் வைத்தார்கள் என்று தெரியாது. காலடிச் சத்தம் கேட்டு நான் யன்னலுக்கு வருவதற்குள் ஆளைக் காண முடியாது. எடுக்கக்கூடாது என்று நினைத்தேன். தயிர் வெயிலில் புளித்துப் போகுமே என்று எடுத்தேன்.

ஐந்தாம் நாள் மத்தியானம், ஏதோ ஒன்று குறைகிறதே என்று மூக்கு சொன்னது. என்னவென்று பிடிபட வெகுநேரம் எடுத்தது. எதிர்வீட்டு மாமி ஒரு நாளும் மீன் பொரிக்காமல் மத்தியானச் சோறு தின்பவர் இல்லை. அந்த வாசம் பன்னிரண்டரை மணிக்கு என் வகுப்பு மணியைப் போல வரும். வரவில்லை. நினைத்துப் பார்த்தால் அதற்கு முதல் நாளும் வரவில்லை. இடப்பக்கத்து வீட்டில் கடுகு வெடிக்கும் சத்தமும் இல்லை. அம்மாள் இருக்கிற இடத்தில் அயல் வீட்டாரும் பொரிக்க மாட்டார்கள், தாளிக்க மாட்டார்கள். சட்டியில் எண்ணெய் காய்ந்தால் நோயாளியின் உடம்பு கொதிக்கும் என்பது எங்கள் சனத்தின் நம்பிக்கை. எங்கள் வளவைத் தவிர ஒழுங்கையில் எட்டு வீடு. எட்டு வீட்டாரும், சின்னப் பிள்ளைகள் உட்பட, என்னால் ஐந்து நாளாக அவித்ததைத் தின்றுகொண்டிருந்தார்கள்.

நான் நிலத்தில் இருந்துவிட்டேன். வெட்கத்தைவிடப் பிரமிப்புத்தான் பெரிதாக இருந்தது. ஒருவர்கூட என்னைப் பார்க்க வரவில்லை. ஒருவர்கூட என்னை விட்டுப் போகவுமில்லை. இப்படியும் ஒரு அக்கறை இருக்குமா என்று அன்றைக்குத்தான் கண்டேன். ஆனாலும் எழும்பிப் போய் வேப்பிலையை அவிழ்க்க உடம்பில் ஒரு சொட்டுத் தெம்பு இருக்கவில்லை.

அடுத்த நாள் திங்கள், மட்டக்களப்பு ஆஸ்பத்திரியில் எனக்குக் கிளினிக். போகாமல் விட்டிருப்பேன். ஆனால் திகதி எழுதிய அட்டையைத் தங்கை யன்னல் கம்பியில் குத்திவிட்டுப் போயிருந்தாள். அம்மாள் வந்தவள் பஸ் ஏறலாமா? விடியக் காலையில் பின்பக்கத்தால் இறங்கி, வாவிக்கரைக் கண்டல் மரங்களுக்குள்ளால் கள்ளியைப் போல நடந்து, எங்கள் ஆட்கள் ஏறுகிற களுவாஞ்சிக்குடிக்கு இரண்டு தரிப்பு தள்ளிப் போய் மட்டக்களப்பு பஸ்ஸைப் பிடித்தேன். முழங்கால் ஒவ்வொரு அடிக்கும் என்னைத் திட்டியது.

கிளினிக்கில் அன்றைக்கு இருந்தது ஏறாவூரைச் சேர்ந்த ஒரு பெண் டொக்டர். என்னிடம் படித்த பிள்ளைகளின் வயதுதான் இருக்கும். இரத்தப் பரிசோதனை முடிவைப் பார்த்தார், என்னைப் பார்த்தார்.

"மாத்திரை போடுறீங்களா, டீச்சர்?"

"போடுறன்."

"உங்கட ரெத்தம் வேற கத சொல்லுது."

பார்த்து எழுதிய பிள்ளையிடம் நான் விடைத்தாளை நீட்டிக் கேட்கும்போது என் முகம் எப்படி இருந்திருக்கும் என்று அன்றைக்கு அறிந்தேன்.

"வீட்ட ஆரோட இருக்கீங்க?"

"தனிய."

"ஆரோட கதைப்பீங்க?"

"ஆரோடயும் கதைக்க விருப்பமில்ல. அதுக்கும் மருந்து வெச்சிருக்கீங்களா?"

குத்தலாகத்தான் கேட்டேன். அவர் குத்தலாக எடுக்கவில்லை. பேனையை மூடி வைத்துவிட்டுக் கதிரையை எனக்குக் கிட்ட இழுத்தார். "இந்த விருப்பமில்லாத்தனம் எப்ப வந்தது? மூட்டு வீங்க முன்னமா, பொறகா?"

நான் திகதி திகதியாக எண்ணிப் பார்த்தேன். பிறகு. ஒவ்வொரு தடவை வீக்கம் கூடியபோதும் இரண்டு மூன்று கிழமையில் நான் எதையோ ஒன்றைக் கைவிட்டிருக்கிறேன். கல்யாண வீடு, திருவிழா, போன். வரைபில் குறித்தால் இரண்டு கோடும் ஒன்றன் பின் ஒன்றாக ஏறியிருக்கும். அதுவரை அது என் கண்ணில் படவில்லை.

"காய்ச்சல் வந்தா என்ன செய்வீங்க, டீச்சர்?"

"படுப்பன்."

"ஆக்கள் வந்தா?"

"எரிச்சல் வரும்."

"சாப்பாடு?"

"ருசியிராது."

"அது கிருமி செய்ற வேலயில்ல. உங்கட உடம்பு செய்ற வேல. உள்ளுக்க சண்ட நடக்கக்குள்ள ரெத்தத்தால மூளைக்குச் செய்தி போகுது. படுத்துக் கிட, சனத்துக்குள்ள போகாத, ஒண்டுக்கும் ஆசைப்படாத எண்டு. நாலு நாள்ல சண்ட முடிஞ்சா செய்தியும் நிண்டுரும். உங்கட மூட்டுல சண்ட ஒண்டர வருசமா நடக்குது. செய்தியும் ஒண்டர வருசமாப் போய்க்கிட்டே இருக்குது."

அவர் ஒரு கடதாசித் துண்டை எடுத்து மூன்று மூலையில் மூன்று சொல் எழுதினார். அழற்சி, தனிமை, மனச்சோர்வு. மூன்றுக்கும் நடுவில் அம்புக்குறி போட்டார்.

என் பழைய புத்தி விடவில்லை. "இதுல எது காரணம், எது விளைவு?"

சிரித்துக்கொண்டே ஒவ்வொரு அம்புக்கும் மறுமுனையிலும் ஒரு தலை போட்டார். "ரெண்டு பக்கமும் ஓடுது. தனிய கிடந்தா உடம்பு அதையும் ஆபத்து எண்டு எடுக்கும். பயந்து காவலக் கூட்டும். காவல் கூடினா வீக்கம் கூடும். எல்லாருக்கும் இப்பிடித்தான் எண்டில்ல. முழுசா விளங்கிட்டுது எண்டு நான் சொன்னா அது பொய். ஆனா இது முக்கோணம்தானே, டீச்சர். எந்த மூலையிலயும் வெட்டலாம். நாம மூணு மூலையிலயும் வெட்டுவம்."

ஒரு மூலைக்கு மாத்திரையை மாற்றி எழுதினார். இன்னொரு மூலைக்கு மனநலப் பிரிவுக்கு ஒரு துண்டு எழுதித் தந்தார். "மூணாவது மூலைக்கு நான் எழுதித் தர ஏலாது," என்றார்.

திரும்பி வரும் பஸ்ஸில் யன்னலோரம் இடம் கிடைத்தது. வீடுகளுக்கும் தென்னைகளுக்கும் இடையில் வாவி வந்து வந்து மறைந்தது. நான் என் கைகளை மடியில் வைத்துப் பார்த்துக்கொண்டு வந்தேன். அந்த வீங்கிய மூட்டுக்குள்ளிருந்து ஒன்று புறப்பட்டு, இரத்தத்தோடு ஓடி, தலைக்குப் போய், திருவிழாவுக்குப் போகாதே என்று சொல்லியிருக்கிறது. இறால் கறியின் ருசியை எடுத்திருக்கிறது. என் குணம் என்று நான் வீம்போடு வைத்திருந்தது பாதி என் குணமே இல்லை. கோழிக்கு வருத்தம் வந்தால் கூட்டத்தை விட்டு விலகி வேலியோரம் கண்ணை மூடிக்கொண்டு நிற்கும். அதற்கு யார் சொல்லிக் கொடுத்தது? அதே ஒன்றுதான், பள்ளிக்கூட வாசலே மிதிக்காத ஏதோ ஒன்று, ஒன்றரை வருடத்துக்கு முன்னரே எனக்குள் வேப்பிலை கட்டிவிட்டது. அந்தப் புதன்கிழமை நான் கட்டியது இரண்டாவது வேப்பிலை. என் உடம்பை நினைத்து எனக்கு முதல்முறையாகக் கோபம் வரவில்லை. கோயிலில் திரை விலகும்போது வருமே, அந்தத் திகைப்பு வந்தது.

பஸ்ஸால் இறங்கி ஒளிக்காமல் நேராக ஒழுங்கைக்குள்ளால் நடந்தேன். கேற்றடியில் நின்று முடிச்சில் கை வைத்தேன். பனியிலும் வெயிலிலும் கயிறு இறுகிப் போயிருந்தது. நகத்தால் சுரண்டினேன். விரல் மடங்கவில்லை. பல்லால் இழுத்தும் அசையவில்லை.

"தலைக்குத் தண்ணி வாக்காம அவிழ்க்கப்படாது, புள்ள!" எதிர்வீட்டு மாமி வேலிக்கு மேலால் சத்தம் போட்டார்.

"மாமி, அம்மாள் இல்ல. நான் பொய்க்குக் கட்டினன். ஆரும் வரக்கூடா எண்டு கட்டினன்."

மாமி வாயில் வெற்றிலையை அதக்கிக்கொண்டு என்னை மேலும் கீழும் பார்த்தார். ஏச்சு வரப்போகிறது என்று நின்றேன்.

"வருத்தம் இருந்ததுதானே?"

"ஓம். அது வேற வருத்தம்."

"மறுகா என்ன? தங்கச்சியப் போய்க் கூட்டிக்கு வா. தண்ணி வாப்பம்." சொல்லிவிட்டு உள்ளே திரும்பியவர் நின்றார். "உன்னால ஆறு நாளா எங்கட ஊட்டுல ஒரு மீன் பொரிக்கல்ல. அத மட்டும் நான் மறக்க மாட்டன், கிளி."

சாப்பிடாமலே குருமண்வெளித் துறைக்கு ஓட்டோ பிடித்தேன். அங்கிருந்து அக்கரைக்குப் பாதை போகும். வாவியைக் கடக்கிற இரும்பு மிதவையை நாங்கள் பாதை என்போம். அன்றைக்கு அதில் நாலைந்து மோட்டார்சைக்கிள், ஒரு நெல் மூட்டை வண்டி, பள்ளிக்கூடம் விட்டு வரும் பிள்ளைகள். பல மாதத்துக்குப் பிறகு நானாக விரும்பி ஆட்களுக்கு நடுவில் நின்றேன். ஓடிப் போய்விட வேண்டும் போலத்தான் இருந்தது. அது இரத்தம் சொல்கிறது என்று எனக்கே சொல்லிக்கொண்டு கம்பியைப் பிடித்தேன். முன்பின் தெரியாத ஒரு பெண் என் விரல்களைக் கண்டாள். பாவம் என்று சொல்லவில்லை. தான் இருந்த பலகையில் கொஞ்சம் தள்ளியிருந்து இடம் விட்டாள்.

அக்கரையில் வட்டை வயல்கள் அறுவடைக்கு நின்றன. அந்த மஞ்சளுக்கு நடுவில் தங்கையின் மாமியார் வீடு. மாமியார் என்னைக் கண்டதும் முற்றத்தின் குறுக்கே கையை விரித்துக்கொண்டு ஓடி வந்தார். "உள்ள வரப்படாது! அம்மாள் கண்ட ஆள் இஞ்ச வரப்படாது!"

வாசலில் நின்றபடியே சொன்னேன். எல்லாவற்றையும் சொன்னேன். அவர் மகனும் நின்று கேட்டார். ஒரு வகுப்புக்கு முன்னால் வாங்கின் மேல் ஏறி நிற்பது எப்படியிருக்கும் என்று அந்த வயதில் தெரிந்துகொண்டேன்.

தங்கை உள்ளேயிருந்து வயிற்றைப் பிடித்துக்கொண்டு மெல்ல வந்தாள். முகத்தில் கொஞ்சமும் ஆச்சரியம் இல்லை.

"எனக்குத் தெரியும், அக்கா."

"என்ன தெரியும்?"

"உனக்குப் பன்னிரண்டு வயசு, எனக்கு நாலு. ரெண்டு பேருக்கும் ஒண்டாத்தானே அம்மாள் வந்தது? ஒரே பாயில கிடந்தம். எனக்குச் சொறிய விடாம ராவு முழுக்க என்ட ரெண்டு கையையும் நீ பிடிச்சுக்கிட்டு இருந்தாய். வந்தவங்களுக்குத் திரும்ப வாறது எங்கயாவது நடக்குமா?"

என் நெற்றியில் இன்றைக்கும் அதன் தழும்பு இருக்கிறது. ஒவ்வொரு நாளும் கண்ணாடியில் பார்க்கிறேன். கணக்கில் நான் விட்டது ஒரு தரவல்ல, இரண்டு. அவளுக்கும் வந்துபோனது என்றால் பிள்ளையை நினைத்துப் பயப்படவும் பெரிதாக ஒன்றும் இல்லை.

"அப்ப உனக்கு முந்தி வந்ததா எண்டு மிட்வைஃப் கேக்கல்லயா?"

"கேட்டா. வந்ததா எண்டு தெரியாது எண்டன்."

"ஏன்டி? தெரிஞ்சுக்கிட்டு ஏன் வெளிக்கிட்டு வந்தாய்?"

அவள் ஒரு சின்னப் பிள்ளைக்கு விளங்கப்படுத்துவதுபோலச் சொன்னாள்: "பக்கத்துல வயித்துப்புள்ளக்காரி நான் பேசாம இருந்தா, அம்மாள் எண்டு ஆர் நம்புவாங்க? உன்ட பொய் ஒரு நாளைக்கும் நிக்காது. ஆரும் வரக்கூடா எண்டுதானே கட்டினாய். உனக்கு அது அவ்வளவு தேவையா இருந்திருக்கு."

நான் அழுதேன். ஒன்றரை வருடமாக வராத அழுகை, அந்த முற்றத்தில், அவள் மாமியாருக்கு முன்னால், மூக்கு ஒழுக வந்தது. அவள் என் கையைப் பிடித்து, "கொதிக்குது" என்று தன் வயிற்றின் மேல் வைத்தாள். உள்ளேயிருந்து ஒரு உதை என் வீங்கிய மூட்டில் பட்டது. வலித்தது. எடுக்க மனமில்லாமல் வைத்திருந்தேன்.

"தூக்க ஏலாது எண்டு அந்தப் பொம்புள சொன்னதையும் கேட்டன்," என்றாள். "தூக்கி என்ன செய்யப்போறாய்? மடியில வெச்சிருந்தாக் காணும், அது போதும்."

அதோடு எல்லாம் தீர்ந்தது என்று எழுத ஆசைதான். தீரவில்லை. மாத்திரைகள் வேலை செய்ய மாதங்கள் எடுத்தன. மனநலப் பிரிவுக்கு முதல் தடவை போனபோது வாசலோடு திரும்பி வந்தேன், இரண்டாம் தடவைதான் உள்ளே போனேன். இன்றைக்கும் சில காலையில் கை மடங்காது, சில பின்னேரங்களில் யன்னலைச் சாத்தத் தோன்றும். தோன்றும்போது, சரி, செய்தி வருகிறது என்று சொல்லிக்கொண்டு எதிர்வீட்டுக்கு நடந்து போகிறேன். பிள்ளை ஆஸ்பத்திரியில் பிறந்து, நேரே எங்கள் வளவுக்கு வந்தாள். என் மடி அவளுக்குக் காணுமாக இருந்தது.

ஆனால் நான் மறக்காமல் வைத்திருப்பது, தங்கையைக் கூட்டிக்கொண்டு பாதையில் திரும்பி வந்த அந்த அடுத்த நாள் காலையைத்தான். ஒழுங்கைக்குள் ஓட்டோ திரும்பும்போதே கண்டேன். மாமி ஒரு பெரிய பானையோடு கேற்றடியில் நின்றார். தண்ணீரில் மஞ்சளும் வேப்பிலையும் மிதந்தன. மற்ற வீட்டுப் பெண்களும் நின்றார்கள், என் கையைத் தூக்கிக் காட்டியவளும் நின்றாள். பொய் என்று எல்லாருக்கும் தெரிந்திருந்தது. ஒருவரும் அதைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை.

தங்கை முடிச்சைப் பார்த்தாள். "இதப் பல்லாலயா கட்டினாய்?" என்று சிரித்துக்கொண்டே நகத்தைக் கொடுத்து நெம்பினாள். கயிறு இளகியது. காய்ந்த வேப்பிலை பொலபொலவென்று உதிர்ந்தது. மாமி என்னை நிலத்தில் இருத்தித் தலையில் தண்ணீரை ஊற்றினார். குளிர் உச்சியில் இறங்கி, கழுத்தால் வழிந்து, விரல் நுனிவரை வந்தது. இன்னொரு தரம், இன்னொரு தரம், மூன்று தரம் ஊற்றினார். ஊற்றி முடித்து வெறும் பானையைக் கவிழ்த்துவிட்டு, சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு தன் குசினி அடுப்படிக்கு விறுவிறுவென்று நடந்தார்.

நான் ஈரத்தோடு அங்கேயே இருந்தேன். கொஞ்ச நேரத்தில், வேலிக்கு அப்பால், கொதித்த எண்ணெயில் மீன் விழுகிற சத்தம் கேட்டது. அடுத்த வீட்டில் கடுகு வெடித்தது. ஒவ்வொரு வீடாக வாசம் எழும்பி ஒழுங்கையை நிறைத்தது.

எனக்குப் பசித்தது.